அண்ணன் போன வயது

என் முப்பத்தெட்டாவது வயதில் ஒருநாள், காதர்பேட்டையில் இருந்த எங்கள் பனியன் கடைக்கு என் மனைவி மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள். பனியன் கொள்முதலுக்கு வந்திருந்த வடநாட்டு வியாபாரி ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணுங்களா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் அன்பாகக் கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் என்னைவிட நான்கே வயது இளையவள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சமையலறையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்மிணி, அதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

"அவரு கேட்டதுக்கு அழுவலீங்க. அது நெசமாட்ட இருக்குதேன்னுதான் அழுவறேன்."

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தினமும் சவரம் செய்கிறவன்தான். ஆனால் அப்போதெல்லாம் கன்னத்தில் இருக்கும் சோப்பு நுரையை மட்டுமே பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. காதுக்கு மேலே முழுக்க வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. புருவங்களுக்கு நடுவே நகத்தால் கீறி வைத்தது மாதிரி இரண்டு கோடுகள். தோள்கள் காது வரை ஏறி உட்கார்ந்திருந்தன. யாரோ அடிக்க வருகிறார்கள் என்று எதிர்பார்த்து நிற்கிற ஆள் மாதிரி இருந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பனியன் மிஷின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. எங்களுடையதும் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் நடந்த கம்பெனிதான். நானும் அண்ணனும் சேர்ந்து தொடங்கியது. மிஷின், நூல், ஆட்கள் எல்லாம் என் பொறுப்பு. வெளியூர் வியாபாரிகள், லாரி ஆபீஸ், சலவைப்பட்டறை, பேச்சுவார்த்தை எல்லாம் அண்ணன். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர். கரண்ட் போனால்கூட, "சரி, மிஷினுக்கும் சித்த நேரம் ஓய்வு வேணுமில்ல?" என்பார்.

கண்ணாடி பார்த்த நாளுக்குச் சில வருஷம் முந்தி, ஒரு மதியம் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்தொட்டி ஓரமாகவே உட்கார்ந்தார். நான் கார் பிடித்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பத்து மூன்று வயது.

அன்றிலிருந்து அவர் வேலையும் என் வேலையும் என் தலையில். மிஷின் ஓடும்போது லாரியைப் பற்றி நினைப்பேன். லாரி ஆபீஸில் நிற்கும்போது மிஷினைப் பற்றி. சலவைக்குப் போன துணி கறையோடு திரும்பி வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. இவையெல்லாம் தொழிலில் இருக்கிறவை. மற்றவர்கள் தாங்கத்தான் செய்தார்கள். எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்றுக்கு இன்னும் ஐந்து வருஷம் என்ற நினைப்பு. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. படியேறும்போது நெஞ்சு கொஞ்சம் படபடத்தாலும் அண்ணன் கல்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்த விதம் ஞாபகம் வரும். தூக்கம் என்னை விட்டுப் போயிருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டே படுத்திருப்பேன். காலையில் தாடை வலிக்கும்.

கண்ணாடி பிடித்த மறுநாளே அவள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயதான, நிதானமான டாக்டர். ரத்தக் கொதிப்பு கூடுதலாக இருக்கிறது, இருதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கம்பெனி வேலை போக, மனசுக்குப் புடிச்சதா என்ன பண்ணுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதையே சொன்னேன்.

"உடம்பு எந்நேரமும் பயந்துக்கிட்டே இருந்துதுன்னா சீக்கிரம் தேஞ்சு போயிருமுங்க. நீங்க சும்மா உக்காந்திருந்தாலும் அது உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும்," என்றார் டாக்டர். "அதுக்கு மாத்திரை மட்டும் பத்தாது. அந்த ஓட்டத்தக் கொஞ்சம் நிறுத்தி வைங்க."

எங்கே நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என்னையும் எங்கள் மகளையும் பஸ் ஏற்றி, குண்டடம் பக்கத்தில் இருந்த தன் அப்பாவின் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம். கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. போய் இறங்கிய உடனே என் மகள் பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மேலேயிருந்து குதித்தாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் நடக்கப் பழகிய கையோடு நீச்சலும் பழகிவிடுவார்கள். விடுமுறைக்கு வந்து வந்து இவளும் பழகியிருந்தாள். டவுனிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத்தான் தெரியாது.

மாமனார் மாட்டுக் கொட்டகையிலிருந்து காய்ந்த சுரைப்புருடை ஒன்றை எடுத்து வந்தார். சின்னப் பிள்ளைகள் முதுகில் கட்டிக்கொண்டு மிதக்கப் பழகுகிற சுரைக்காய்க் கூடு. அதை என் மனைவியிடம் கொடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாப்ள, நானு அந்தப் பக்கம் போயி தண்ணி கட்டறனுங்க. நீங்க கூச்சப்படாம பழகுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நானா? இந்த வயசுலயா?"

"அந்த வயசை இப்பிடி மேட்டு மேல வெச்சுட்டு எறங்குங்க," என்றாள் மனைவி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்த படியில் நின்றிருந்தாள்.

கல்படியில் கால் வைத்ததும் குளிர் இடுப்பு வரை ஏறியது. அவள் சுரைப்புருடையை என் முதுகில் வைத்துக் கயிற்றால் கட்டினாள். படியைப் பிடித்திருந்த கையை விடச் சொன்னாள். நான் விடவில்லை. ஒருவழியாக விட்டதும் தலைகீழாகப் புரண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். மகள் படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, மரக்கட்டையாட்ட இருக்காதீங்க!"

"மரக்கட்டையாச்சும் மெதக்கும் கண்ணு," என்றாள் அவள் அம்மா.

மறுபடி மறுபடி முயன்றோம். ஒவ்வொரு தடவையும் நான் முழுகினேன். கடைசியில் மனைவி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஏனுங்க, எதுக்குங்க கையை இப்பிடி மடக்கி வெச்சிருக்கீங்க?" அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் இரண்டு கைகளும் முஷ்டியாக இருந்தன. அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள். பிறகு என் பிடரியின் கீழ் உள்ளங்கையை வைத்து, "எம் மூஞ்சியப் பாக்காதீங்க. வானத்தப் பாருங்க. பல்லைக் கடிக்காதீங்க. மூச்சு உடுங்க," என்றாள்.

கிணற்றின் வட்டத்துக்குள் வானம் தெரிந்தது. பக்கச் சுவரில் முளைத்திருந்த செடியில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. காது தண்ணீருக்குள் இருந்ததால் ஒரு சத்தமும் இல்லை. எத்தனையோ வருஷமாகக் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த மிஷின் சத்தம்கூட இல்லை. தோள் இறங்கியது. தாடை தானாகத் திறந்தது. உடம்பு கனமே இல்லாமல் கிடந்தது. அப்போது ஏனென்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது. அண்ணன் செத்த அன்றுகூட ஆட்களுக்கு நடுவே நின்று ஆக வேண்டியதைப் பார்த்தவன் நான்.

மகள் தாத்தாவைத் தேடிப் போயிருந்தாள். நான் மனைவியிடம், "அண்ணன் போன வயசு எனக்கும் வருது அம்மிணி," என்றேன்.

"தெரியுமுங்க."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"தெனமும் நீங்க கண்ணசந்த பொறகு உங்க நெஞ்சுல கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் நான் தூங்கறேன். உங்களுக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சீங்களா?"

பிடரியின் கீழ் இருந்த கையை அவள் எடுக்கவே இல்லை.

அன்று மதியம் மாமனார் வீட்டில் கம்பஞ்சோறும் மோரும் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்தவன், கடைசி பஸ்ஸுக்கு எழுப்புகிற வரை தூங்கினேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி சாவியை நான் தொடுவதில்லை என்று ஆனது. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. முதல் சில வாரங்கள் பஸ்ஸில் உட்கார்ந்தே பனியன் மூட்டைகளைப் பேல் கட்டினேனா, பூட்டைப் பூட்டினேனா என்று குழம்பிக்கொண்டிருப்பேன். தண்ணீரில் இறங்கினால் சரியாகிவிடும். திங்கட்கிழமை கரண்ட் போனால் பழைய ஆளாகிவிடுவேன். அப்போதெல்லாம் மனைவி கொட்டகை வாசலில் வந்து நின்று தன் கையை மூடித் திறந்து காட்டுவாள். நான் என் கையைப் பார்ப்பேன். மடங்கித்தான் இருக்கும். விரித்துவிட்டு மூச்சு விடுவேன்.

இதையெல்லாம் ஒருத்தர் கவனித்துக்கொண்டிருந்தார். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த என் அண்ணி. அண்ணன் போன பிறகு நான் அவரை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. அவர் படாத கஷ்டமா, இனியாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

"தம்பி, உங்கண்ணன் ஒவ்வொரு வியாபாரிகிட்டயும் என்ன பேசுவாரு, எவருக்கு எந்தத் துணி புடிக்கும்னு எனக்கு அத்தனையும் தெரியுமுங்க. தெனமும் சோறு போடறப்ப அதத்தான பேசுவாரு? நீங்க ஏன் எல்லாத்தையும் தனியா சொமக்கறீங்க? என்னைய மூலைல உக்கார வெச்சு எனக்கும் வயசாகுது, உங்களுக்கும் வயசாகுது."

அந்த வாரமே கடையையும் வியாபாரிகளையும் பார்க்கிற பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சேலையோடு அவர் காதர்பேட்டைக் கடையில் உட்கார்ந்ததைச் சிலர் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அண்ணனுடைய குறும்பு கொஞ்சம் அவரிடமும் இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் தலை திரும்பக் கறுக்கவில்லை. புருவத்துக் கோடுகளும் போகவில்லை. மாத்திரையும் விடவில்லை. ஆனால் படியேறினால் நெஞ்சு படபடப்பது நின்றது. தாடை வலி நின்றது. நாற்பத்து மூன்று வந்தபோது எனக்கு நினைவிருந்தது; அந்த வருஷம் முழுக்கக் கொஞ்சம் கலக்கமாகத்தான் நடமாடினேன். அடுத்த பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் மனைவிதான் சொன்னாள், நான் இப்போது அண்ணனைவிட மூத்தவன் என்று. சந்தோஷமாக இல்லை. அவரை வழியில் எங்கோ விட்டுவிட்டு வந்தது போல இருந்தது. அன்று சாப்பாட்டின்போது அண்ணி, மனைவி, நான் மூவரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் போன பிறகு அப்படி நாங்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் எங்களோடு பஸ் ஏறினார். தோட்டத்தில் அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவியைக் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னார். மனைவி என்னை மேலேறி அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டாள். நான் வாய்க்கால் ஓரமாகப் போய் மாமனாரோடு நின்றுகொண்டிருந்தேன். முதலில் தண்ணீர் அலம்புகிற சத்தம். பிறகு அண்ணியின் அலறல். நாங்கள் இருவரும் பதறி ஓடப் பார்த்தோம். அதற்குள் அந்த அலறல் சிரிப்பாக மாறியிருந்தது. மூச்சு முட்ட, இருமிக்கொண்டே, கிணறே எதிரொலிக்க அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.