நட்சத்திரக்காரருக்குப் பதில் இனி இவர்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். நடந்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதியும் முன்பின்னாகத்தான் வருகிறது. ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சும் வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். "பேசத்தான் மாட்டீங்க, எழுதியாச்சும் குடுங்கத்தை" என்று மருமகள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள். அவர்கள் மகளிர் மன்றத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். உங்களுக்கு எது முக்கியமோ அது என்றாள். ஆகவே ஒரு டிவி நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த நாடகம் என் மகனுக்குக் கல்யாணமான வருஷம் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை. வேறு கிரகத்திலிருந்து வந்த ஒருவரின் கதை அது. அவருடைய ஊர் வெடித்துப் போய்விட்டது. கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஒரு வண்டி வைத்திருப்பார். அதில் ஏறினால் போன காலத்துக்கும் போகலாம், வரப்போகிற காலத்துக்கும் போகலாம். போகிற இடத்தில் யாருக்காவது ஒரு கஷ்டம் இருக்கும், அதைத் தீர்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நாடகத்தில் அவருக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். எங்கள் வீட்டில் அவர் நட்சத்திரக்காரர். திங்கள் முதல் சனி வரை சாயங்காலம் ஆறரைக்கு வருவார்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எங்கள் ஊர் சங்ககிரியில் அது ஒன்றும் புதுமையில்லை. வடக்கே லோடு ஏற்றிப் போனால் இருபது நாள், ஒரு மாதம். வந்தால் இரண்டு நாள் தூங்குவார், மூன்றாம் நாள் கிளம்பிவிடுவார். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தார். மகன் போர்வெல் ரிக் வண்டியோடு வெளி மாநிலத்தில். மருமகள் லாரி புக்கிங் ஆபீசில் வேலை முடித்து வர ஏழரை ஆகிவிடும். பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும். அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்குப் பேச ஒன்றுமே இல்லை என்று.

"சோறு போடட்டுங்களா?"

"போடு."

"கொழம்பு ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் எங்களைச் சண்டையே போடாத தம்பதி என்று மெச்சினார்கள். சண்டை போடுவதற்கும் நாலு வார்த்தை வேண்டுமே.

நட்சத்திரக்காரர்தான் எங்களைப் பேச வைத்தார். அவர் வண்டியைப் பார்த்தால் இவருக்குக் கை பரபரக்கும். "இத்தன பெரிய பாடிக்கு ஆக்ஸில் எங்க புள்ள?" என்பார். "ரிவர்ஸ் எடுத்தா பின்னால கிளீனர் நின்னு தட்டிக் குடுக்கோணும். இவம்பாட்டுக்கு ஆயிரம் வருசத்துக்கு ரிவர்ஸ் எடுக்கறான், கண்ணாடியக்கூடப் பாக்க மாட்டீங்கறான்" என்பார். நான் சிரிப்பேன். விளம்பரம் போடும்போது, இந்த மாதிரித்தான் ஒருமுறை ராத்திரி முழுக்க மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் வந்தேன் என்று ஆரம்பிப்பார். முப்பது வருஷம் அவர் எங்கெங்கே இருந்தார் என்பதை நான் விளம்பர இடைவேளைகளில்தான் தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் கல்யாணமான புதிதில் பேசிக்கொள்வதை நாங்கள் அறுபது வயதுக்கு மேல் அரை மணி நேரத்துக்குள் பேசினோம். அதிலும் சோப்பு விளம்பரம் போக மீதி நேரம்.

ஒரு திங்கட்கிழமை நாடகம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தக் கார்டு வந்தது. தமிழ் நாடகம் பார்க்கிற எல்லாருக்கும் அதைத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு போட்டோ, அந்தப் பக்கம் ஒரு போட்டோ, நடுவில் 'இவருக்குப் பதில் இனி இவர்'. மாமியாரை மாற்றுவார்கள், மச்சினரை மாற்றுவார்கள், நாமும் இரண்டு நாள் முகம் சுளித்துவிட்டுப் பழகிக்கொள்வோம். இங்கே நட்சத்திரக்காரரையே மாற்றிவிட்டார்கள். பழையவர் நல்ல உடம்புக்காரர், மீசை வைத்தவர், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். புதியவன் ஒல்லி, மீசை கிடையாது, எதற்கெடுத்தாலும் சிரித்தான். கதையில் அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். ஏதோ கதிர் பட்டு உயிர் போகிற நிலையில் அவரை ஒரு பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள், ஒரே புகை, எழுந்தால் இவன். 'உடம்பில் இருக்கும் செல்லெல்லாம் புதிது, நினைவு மட்டும் பழையது' என்று ஒரு டாக்டர் சொன்னார். சுற்றி நின்ற எல்லாரும் அப்போதே ஒப்புக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்துக் கேபிள்காரருக்குப் போட்டார். இன்ஜின் சத்தத்திலேயே இருந்து காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஏப்பா, ஆளை மாத்திப் போட்டுட்டியே!"

"எந்த ஆளுங்க மாமா?"

"நட்சத்திரக்காரனை. நீ பழைய ஆளு வார சேனலைப் போடு. நாங்க அதையே பாத்துக்கறோம்."

"அதெல்லாம் மெட்ராஸ்ல மாத்தறதுங்க மாமா. நான் ஒயரு மட்டுந்தானுங்க இழுத்து உடறேன்."

"உன்ற ஒயருலதான வாரான்?"

கேபிள்காரர் போனை வைத்துவிட்டார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு பைபாஸ் பக்கம் டீக்கடைக்குப் போய்விட்டார். மறுநாளும் ஆறு மணிக்கே கிளம்பிப் போனார். அதற்கு மறுநாளும்.

நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். சொன்னால் வெட்கம், அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் விளம்பரம் வந்தால் வீடு அமைதியாகிவிடும். மறுபடியும் 'போடு', 'ஊத்து' என்று ஆகிவிட்டது. இனி மிச்ச நாளும் இப்படித்தானா என்று எனக்குப் பயம் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? எழுபதை எட்டப் போகிறவள் டிவி நாடகத்தில் ஆளை மாற்றியதால் என் குடும்பம் போச்சு என்றால் எந்தக் கோயிலில் பஞ்சாயத்து வைத்துக் கேட்பார்கள்?

நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மருமகளும் வீட்டில் இருந்தாள். அவரும் அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் துணிந்து பேச்சை எடுத்தேன்.

"ஏனுங்க, நேத்து அந்தப் பையன் வண்டிய எரிமலைக்குள்ளார இருந்து எடுத்தானுங்க. நல்லா இருந்துது."

"ஆக்டிங் டிரைவர் கதையெல்லாம் என்றகிட்டச் சொல்லாத" என்றார். லாரிக்குச் சொந்த டிரைவர் வராத நாளில் ஓட்ட வருகிறவனை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வது வழக்கம். டிரைவர்களுக்குள் அது கொஞ்சம் இளப்பமான பேச்சு.

"அவரும் நல்லாத்தானுங்க மாமா பண்றாரு" என்றாள் மருமகள்.

"அதெப்படி அம்மிணி? ஒருத்தன் இருந்த எடத்துல இன்னொருத்தனக் கொண்டாந்து நிறுத்தி, அவன் சட்டையவே இவனுக்கும் போட்டுட்டு, இவந்தான் அவன்னு சொன்னா நம்பறதுக்கு நானென்ன கூமுட்டையா? அந்தப் பழைய ஆளுக்கும் மரியாத இல்ல, வந்தவனுக்கும் மரியாத இல்ல."

நான் ரசக் கரண்டியோடு நின்றிருந்தேன். மருமகள் தலையைக் குனிந்து அப்பளத்தையே பார்த்தாள்.

அவளுக்கும் ஊருக்கும் தெரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இவர் முதலில் கட்டியது என் அக்காவை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் ஒரு காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். ஒன்றரை வயதில் ஒரு ஆண் குழந்தை. வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளையைப் பார்க்க மாட்டாள் என்று இரண்டு வீட்டிலும் பேசி, அந்த வருஷமே பிறந்த வீடு ஆட்டையாம்பட்டியிலிருந்து என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பி வைத்தார்கள். கார்டெல்லாம் போடவில்லை. அக்காவின் ரவிக்கைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். குழந்தை மூன்றாம் நாள் என்னை அம்மா என்றான். அதற்குப் புகை ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் அக்காவின் நினைவை யாரும் எனக்குள் ஏற்றித் தரவில்லை. உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்பதைக்கூட நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

சுமங்கலியாகப் போனவளுக்கு வருஷா வருஷம் ஆடியில் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கும்பிட்ட சேலையை நான் கட்டிக்கொள்ள வேண்டும். அக்காவின் பெட்டியில் மாம்பழக் கலரில் இரண்டு சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. "எம்புள்ளைக்கு இந்தக் கலருன்னா அத்தன ஆசை, பாரு, கசங்காம வெச்சிருக்கறா" என்று அம்மா அழுதாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் மாம்பழக் கலர்தான். அம்மா போன பிறகும் நான் அதை மாற்றவில்லை.

இதெல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குள் ஓடியதா, அல்லது இப்போது எழுதும்போது ஓடுகிறதா, தெரியவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"எனக்கும் அப்படித்தானுங்களே போட்டு உட்டாங்க."

"எத?"

"அக்கா சேலைய."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன புள்ள? உன்னைய யாரு உங்கக்கான்னு சொன்னா? அவ ரசத்துல பூண்டே போட மாட்டா. நீ வந்த மொத நாளே ஒரு கை அள்ளிப் போட்ட."

"அக்காவாட்டம் இருக்கோணும்னுதானுங்க நானு இத்தன வருசமா அந்த மாம்பழக் கலரையே..."

"அந்தக் கலரா! அது அவளுக்கு ஆகவே ஆகாதே. உங்கம்மா எடுத்துக் குடுத்துட்டாங்களேன்னு பொட்டிக்கு அடியில போட்டு வெச்சிருந்தா. ஒருக்காக்கூடக் கட்டுல."

"இத ஏனுங்க இத்தன நாளாச் சொல்லுல?"

"நீ எங்க கேட்ட? நானு உனக்குத்தான் அந்தக் கலருன்னா உசுருன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

மருமகளுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பாலா புரையாலா என்று நான் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு பிணக்கும் இல்லாமல், ஒரு தெய்வத்துக்கு அது வெறுத்த கலரில் சேலை வைத்திருக்கிறோம். அது எங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால் அக்கா நல்லவள்தான். நான் அவளாக நடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் பார்க்க வேண்டியவர் என்னை நானாகவே பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

"இன்னங் கொஞ்சம் ஊத்து" என்று ரசத்துக்குத் தட்டை நீட்டினார். ஊற்றிக்கொண்டே சொன்னேன், "வந்தவனுக்கு மரியாத வேணுமுன்னா வந்து உக்காந்து பாருங்க. நாலு மாசமா டீக்கடையில உக்காந்திருந்தா, அவனா அங்க வந்து நிப்பான்?" இதைச் சொன்னது நான்தான். மருமகள் சாட்சி.

மறுநாள் ஆறேகாலுக்கு அவர் செருப்பை மாட்டினார். கழற்றினார். "கால் வலிக்குது" என்றார். சோபாவின் கடைசியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவர் மாதிரி உட்கார்ந்தார். அரை மணி நேரமும் பையனைத் திட்டினார். கிளட்சை மிதிக்கத் தெரியவில்லையாம். கையைக் காலை ஆட்டுகிறானாம். "சித்தெ சும்மா இருங்க, வசனம் கேக்குல" என்றேன். அவர் நிஜமாகவே சும்மா இருந்தார். பிறகு விளம்பரத்தில், "ஒண்ணு மட்டும் சொல்லோணும். அவனாட்டமே பண்ணிக் காட்டோணும்னு இவன் பாக்குல" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அதன் பிறகு தினமும் சண்டைதான். அவர் பழையவர் கட்சி, நான் புதியவன் கட்சி. சத்தம் தெருவுக்குக் கேட்கிறது என்று மருமகள் சொல்கிறாள். சண்டையே போடாத தம்பதி என்ற பெயர் போய்விட்டது. போகட்டும். அடுத்த ஆடிக்கு என்ன கலர் எடுப்பது என்று கடையில் மருமகள் கேட்டாள். அக்காவுக்கு எது பிடிக்கும் என்று இவருக்கும் சரியாகத் தெரியவில்லை, எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு மாம்பழக் கலரையே எடுத்துக்கொண்டு வந்தோம்.

போன மாதம், புதியவனும் சினிமாவுக்குப் போகிறானாம், வேறு ஆள் வரப்போகிறதாம் என்று மருமகள் போனில் படித்துச் சொன்னாள். "ஏன், இவனுக்கென்ன கொறச்சல்?" என்று இவர் கேபிள்காரருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதியவன் வந்தது தை மாதம் என்று நான் எழுத நினைத்தேன். இவர் பங்குனி என்கிறார். பெட்டிக்குள்ளிருந்து எழுந்தபோது அவன் முதலில் பேசியது அந்த டாக்டரிடம் என்கிறேன், இவர் வண்டியிடம் என்கிறார். மூன்று நாளாக இதே பேச்சாக இருப்பதால் அந்த இடங்களை எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்த நாடகத்தை விடாமல் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்து மன்றத்துக்கு எழுதுங்கள். நான் சொன்னது சரியென்றால் எல்லாருக்கும் தெரியும்படி மலரில் போட்டுவிடுங்கள். அவர் சொன்னது சரியென்றால் மருமகளிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியனுப்பினால் போதும்.