தட்டின் அடியில் வெட்டிய பெயர்

என் மனைவி ஞானசௌந்தரி எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்ல வைத்தவன் நான். இது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அவள் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். ஒரு தையல் கோணினாலும் முழுவதையும் பிரித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். நான் எழும்பூரில் ரயில்வே குமாஸ்தா. கோணல்மாணலோடு காலம் தள்ளிப் பழகியவன்.

1967இல் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு பிலிப்பைன்ஸ் தம்பதி குடிவந்தார்கள். கணவர் கல்லூரியில் இரண்டு வருஷ வேலைக்கு வந்தவர். மனைவி பெயர் மிலாக்ரோஸ். அவளுக்குச் சௌந்தரி தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தாள். பாடப்புத்தகமெல்லாம் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அடியில் வெட்டியிருந்த ‘ஞானசௌந்தரி’தான் முதல் பாடம். எடுத்த எடுப்பிலேயே ‘ஞா’ என்றால் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒரு மாதம் விரல் வைத்துத் தடவித் தடவிப் படித்தாள்.

பதிலுக்கு அவள் கற்றுக்கொடுத்தது ஒரு பிஸ்கட். அவர்கள் ஊரில் ஊதாநிறக் கிழங்கு ஒன்று உண்டாம், பெயர் உபே. அது நம்முடைய ராசவள்ளிக்கிழங்குதான் என்று மாடம்பாக்கத்துக் காய்கறிக்காரியிடம் கண்டுபிடித்தவள் சௌந்தரி. கிழங்கை அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அல்வா பதத்துக்குக் கிளறி, மைதா, வெண்ணெய், முட்டை, நாட்டுச் சர்க்கரையோடு பிசைவார்கள். ஓரம் வெந்து, நடு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறிய பிறகு மென்றால் பல்லோடு லேசாக இழுக்கும். மிலாக்ரோஸ் வீட்டில் ஸ்டவ்மேல் வைக்கிற தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு ஈட்டுக்குப் பத்துதான் வேகும். அந்தப் பத்தும் எங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஐந்தாகிவிடும்.

அடுத்த வருஷம் எங்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டுக்கு வீடு பூசணி, வாழைத்தார், பலகாரம் என்று கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். சௌந்தரி நூறு பிஸ்கட் செய்வதென்று முடிவெடுத்தாள். அவ்வளவுக்கு அடுப்பு பேக்கரியில்தான் உண்டு. மாவை உருட்டித் தட்டி, தட்டத்தில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொடுத்தாள்.

“என்னங்க, மெத்துன்னு இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்க. மறந்துடாதீங்க” என்று மூன்று தடவை சொன்னாள்.

நான் மறக்கவில்லை. அதுதான் விஷயம்.

பேக்கரி துளசிங்கம் தட்டத்தை வெளியே இழுத்ததும், பன் வாங்க நின்றிருந்த தயாளன் எட்டிப் பார்த்தான். என் ஆபீஸ்காரன், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

“இன்னா சார், மாவுல இங்க் புட்டி கவுந்துடுச்சா?” என்றான். கடையே சிரித்தது.

துளசிங்கம் ஒன்றை விரலால் அமுக்கினார். “வேவவே இல்ல சார் இது. அமுங்குது பாரு. இன்னொரு தபா வெச்சா மொறுமொறுன்னு வந்துடும். இன்னா சொல்ற?”

இது இப்படித்தான் இருக்கும், என் மனைவி சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி பேச்சைப் பிஸ்கட்டுக்குக்கூடக் கேட்பவன் என்று தயாளன் ஆபீஸ் முழுக்கப் பரப்பிவிடுவானே என்று வெட்கம்.

“உங்களுக்குத் தெரியாததா, வையுங்க” என்றேன்.

கறுத்து, ஓட்டாஞ்சில்லு மாதிரி வெளியே வந்தன. டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் காலை கோயில் வாசலில்தான் சௌந்தரி அவசரமாக அவற்றைத் தட்டில் மாற்றினாள். அவள் முகம் மாறியது. ஆனால் அதற்குள் யாரோ தட்டை வாங்கிப் போய்விட்டார்கள்.

ஏலம் போட்டவர் கமிட்டி மெம்பர் ஏசுபாதம். நன்றாகக் கிண்டல் பேசுவார் என்பதால்தான் அவருக்கு அந்த வேலை. ஒன்றைக் கடித்துப் பார்த்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பல் டாக்டர் யாராவது வந்திருக்கீங்களா? யாரும்மா செஞ்சது இது?”

சபை குலுங்கியது. சில தலைகள் சௌந்தரி பக்கம் திரும்பின.

“நான் இல்லண்ணே” என்றாள். “அந்த பிலிப்பைன்ஸ் அம்மா செஞ்சது.”

ஏலத்தில் எடுத்தவர்கள் தட்டைத் திருப்பித் தர வேண்டும், பெயர் வெட்டுவதே அதற்குத்தான். ஏசுபாதம் அந்தத் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். முன்வரிசையில் யாராவது அண்ணாந்து பார்த்திருந்தால் படித்திருக்கலாம்.

முன்வரிசையில்தான் மிலாக்ரோஸ் இருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அவள் உதடு மெல்ல அசைந்தது. பிறகு எழுந்தாள்.

“ஆமா, நான் செஞ்சது. நானே வாங்கறேன்” என்றாள், சௌந்தரி கற்றுக்கொடுத்த தமிழில்.

பிஸ்கட்டுகளை மடியில் கொட்டிக்கொண்டு, தட்டின் அடிப்பக்கத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி உட்கார்ந்தாள். அந்தப் பெயர் யார் கண்ணிலும் படவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் தட்டைக் கொடுக்க மிலாக்ரோஸ் வந்தபோது, சௌந்தரி கிணற்றடியில் ஒளிந்துகொண்டாள். “வெளியே போயிருக்கிறாள்” என்று நானே சொன்னேன். தட்டைக் காலியாகத் தரக்கூடாது என்பதையும் அவள் எங்களிடம்தான் கற்றிருந்தாள். பத்து பிஸ்கட் இருந்தன, மெத்தென்று. நாங்கள் ஆளுக்கொன்று கடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டோம்.

சௌந்தரி மூன்று கடிதம் எழுதினாள். பதிலே இல்லை. அந்தத் தட்டு பரண்மேல் போய்விட்டது.

ஏழு வருஷம் கழித்து அதை இறக்கினாள். தகரப்பெட்டி ஒன்று அடித்து வாங்கி, வீட்டிலேயே பிஸ்கட் சுட்டாள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஏசுபாதம் அதைத் தூக்கியதும் எழுந்து நின்றாள்.

“அண்ணே, அடியில இருக்கிற பேரைப் படிங்க.”

படித்தார்.

“அன்னிக்கு பல்லை ஒடைச்சதும் இந்தத் தட்டுதான். நான்தான் செஞ்சேன். அந்தம்மா மேல பழி போட்டுட்டேன்.”

ஏசுபாதம் விழித்தார். “எந்த வருஷம்மா? யாரு அந்தம்மா?” யாருக்கும் ஞாபகம் இல்லை. பிஸ்கட் ரொம்ப ருசி என்று ஏலம் மளமளவென்று ஏறியது.

சௌந்தரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அன்னிக்கு மட்டும் ஏன் அப்படி கல்லாப் போச்சுன்னு இன்னும் புரியலைங்க. மாவுல என் கைதான் எங்கியோ தப்பிடுச்சு” என்றாள்.

நான் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கும் நாலு வருஷம் ஆகிவிட்டது. வாயால் சொல்ல வரவில்லை, எழுதிவிட்டேன். அவள் மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைக்கூட விடாமல் படிப்பவள். இதை மேஜைமேல் அவளுடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். அடியில் என் பெயரையும் எழுதிவிட்டேன்: அசரியா.