மூணு காப்பியும் ஒரே டப்பாவில்

என் கொழுந்தன் இந்த உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாரையும் நம்ப மாட்டான். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். அங்கே கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் அவன்தானாம். அந்தக் கிரீடத்தை வீட்டுக்கு வந்தும் கழற்றுவதில்லை. நாங்கள் காசிக்குக் கிளம்பியபோது, படம் எடுப்பது, சேர்த்து வைப்பது, பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் தன் பொறுப்பு என்று அறிவித்தான். என் வீட்டுக்காரர் "சரிடா" என்றார். அவர் எதற்குத்தான் சரி சொல்லாமல் இருந்திருக்கிறார்?

ரயில் திண்டுக்கல் தாண்டுவதற்குள் சட்டதிட்டம் வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரே படத்தை எடுக்கக் கூடாது, டூப்ளிகேட் சேருமாம். வாட்ஸப் குரூப்பில் போடக் கூடாது, கிளாரிட்டி செத்துவிடுமாம். "பேசாம நெட்ல ஏத்தி வச்சிரலாமே தம்பி, எம் மக அப்படித்தான் வைக்கிறா" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"என்ன மதினி இப்படிக் கேக்குறீங்க? நெட்ல ஏத்துனா எவன் எவன் கண்ணுல படும் தெரியுமா? நான் மூணு காப்பி எடுக்குறேன். மூணு! ஒண்ணு போனாலும் ரெண்டு நிக்கும்ல?"

சாயங்காலமானால் வசூலுக்கு வந்தவன் மாதிரி எங்கள் போன்களை வாங்கிக்கொள்வான். பெர்த்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வயரைச் செருகுவான். படங்களை அதில் ஏற்றிவிட்டு, போனில் இருப்பதைத் துடைத்துவிட்டுக் கொடுப்பான். தன் போனையும் அப்படியே துடைத்துக்கொள்வான். அந்த டிஸ்க்கை ஒரு துணிப் பெல்ட்டில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தூங்கினான். கக்கூசுக்கும் அதோடுதான் போனான். பார்க்கிற எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இத்தனை கூத்திலும் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரே ஒரு படம். அது காசியில் எடுத்தது இல்லை.

என் நாத்தனாரும் எங்களோடு வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் அக்கா. கீழக்குயில்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய ஒரே மகன் வேற சாதி ஆளுகளில் பெண் கட்டிக்கொண்டு நாக்பூரில் இருக்கிறான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பேச்சே எடுக்கக் கூடாது என்பது அவன் அப்பாவின் உத்தரவு. முறுக்கிய மீசையோடு ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர், பெற்ற பிள்ளையிடம் மட்டும் இறங்கி வர மாட்டார். நல்ல கௌரவம்! மகனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்த சேதிகூட நாத்தனாருக்கு என் போன் மூலமாகத்தான் போனது. அவரிடம் இருப்பது பட்டன் போன்.

ரயில் நாக்பூர் வழியாகப் போகும் என்று தெரிந்ததும் அவனுக்கு நான்தான் தகவல் சொன்னேன். பிளாட்பாரத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். நாத்தனார் ரயில் முழுசாக நிற்பதற்குள் படியில் இறங்கிவிட்டார். பிள்ளையை வாங்கினார்.

அங்கேயும் வந்து நின்றான் நம் ஆள். மகன் தன் போனை எடுக்கப் போனதை, "நீ உள்ள வை மாப்ள, நான் எடுக்குறேன்" என்று தடுத்தான். அப்புறம் ஆரம்பித்தான்: "அக்கா, இங்கிட்டுப் பாரு. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா. பிள்ளைய இந்தக் கைக்கு மாத்து. என்னயப் பாருக்கா, என்னய! சரியா விழல, இன்னொண்ணு."

அந்த மனுஷி அவன் சொன்னபடியெல்லாம் திரும்பினார், நிமிர்ந்தார், சிரித்தார். ரயில் நகர்ந்தது. பிள்ளையை அவரிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி மகனிடம் கொடுத்துவிட்டு ஏறினோம். "மாமா, அந்தப் படத்த எனக்கு இப்பவே அனுப்பிருங்க" என்று மகன் ஜன்னலோரம் ஓடி வந்து கத்தினான்.

"ஊருக்குப் போயி ஒரிஜினலா அனுப்புறேன் மாப்ள!"

நாத்தனார் வழியெல்லாம் அவனிடம் கெஞ்சிக்கொண்டே வந்தார். "பெருசா வேணாம்டா. பர்சுக்குள்ள வைக்கிற அளவுக்குச் சின்னதா ஒண்ணு பிரிண்ட் போட்டுத் தா. உங்க மச்சான் கண்ணுல படாம வச்சுக்கிருவேன்."

திரும்பி மதுரைக்கு வந்து இறங்கிய அன்று, சித்திரைத் திருவிழாவுக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு கும்பிடுகிற எதிர்சேவை. நாத்தனாரைப் பஸ் ஏற்றிவிட்டு, தல்லாகுளத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். கோரிப்பாளையத்தோடு ஆட்டோவை மறித்துவிட்டார்கள். பெட்டி படுக்கையோடு கூட்டத்துக்குள் நடந்தோம். அழகர் வேஷம் கட்டினவர்கள் தோல் பையைக் கக்கத்தில் இடுக்கித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு வந்தார்கள். மதுரையில் பிறந்தவன் எவனும் அந்தத் தண்ணீருக்கு ஒதுங்க மாட்டான், சரி. ஆனால் இடுப்பில் டிஸ்க்கைக் கட்டியிருக்கிறவன்? ரயிலில் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுத்தான் வைத்திருந்தான். இடுப்பு வேர்க்கிறது என்று அதையும் உருவி எறிந்துவிட்டான். ஒரு வேஷக்காரர் எதிரே வந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு, "நல்லா அடிங்கண்ணே!" என்றானே பார்க்கணும்! அவரும் மனசு கோணாமல் தலையிலிருந்து தொடைவரை நனைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்து அலறினான். காயவிட வேண்டாமா? ஈரம் சொட்டச் சொட்ட லேப்டாப்பில் செருகினான். டிஸ்க் பல்லி மாதிரி இரண்டு தடவை சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிப்போனது. அதற்கப்புறம் யாரோ சொன்னார்கள் என்று என் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தான். செத்ததை எதில் புதைத்தால் என்ன?

"சரி, விடுங்க தம்பி. மிச்சம் ரெண்டு காப்பி இருக்குல்ல, அத எடுங்க" என்றேன்.

டிரம் மூடியைத் தட்டிக் காட்டினான். "அதுவும் இதுக்குள்ளதான் மதினி இருக்கு. தனித்தனி ஃபோல்டரா போட்டு வச்சிருந்தேன்."

அடப்பாவி! ஒரே டப்பாவுக்குள் மூன்று தடவை போட்டு வைத்துவிட்டு, மூணு காப்பி மூணு காப்பி என்று காசி வரைக்கும் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டிரம்மோடு அவனையும் தெருவில் உருட்டிவிட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "சரி, விடு" என்றார். டவுன் ஹால் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

படத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நாத்தனார் ஒரு நாள் வந்தார். பர்சுகூடப் புதுசாக வாங்கியிருந்தார், பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தது. விஷயத்தை நான்தான் சொன்னேன். கொழுந்தன் குறுக்கே புகுந்து, "காசிப் படமெல்லாம் நெட்லயே அம்புட்டு அழகா கெடக்குக்கா. எடுத்துத் தாரேன்" என்றான். இவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

நாத்தனார் அழுவார் என்று நினைத்தேன். பர்சை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். "எனக்கு நாக்பூருக்கு ஒரு டிக்கெட் எடுத்துத் தா, ஆத்தா" என்றார் என்னிடம்.

"மச்சான் என்ன சொல்லுவாரு?" என்றான் கொழுந்தன்.

"அந்தாளுகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். மீசைய முறுக்கிக்கிட்டுத் தானே வடிச்சுத் திங்கட்டும்."

"நானும் வாரேன்க்கா. இந்தத் தடவ தனித்தனியா ரெண்டு டிஸ்க்கு..."

"நீ வராத." நாத்தனார் அவனை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ள யாரு சாடைன்னு உங்க அண்ணன் மக நேத்து போன்ல கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலடா. அன்னைக்குப் பூராம் உன் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு நின்னேன்."