கோட்டுக்குக் கீழே இறங்கிய தண்ணீர்

லூர்துசாமியின் முப்பதாம் நாள் பூசையன்று கொடுப்பதற்காக ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். அவரோடு அதிக காலம் வேலை பார்த்தவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். எனக்கு வரிசை போடாமல் எழுத வராது. ஆகவே எழுதப்போவதை முதலில் எண்ணிட்டுத் தந்துவிடுகிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. தங்கவயலிலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கங்கள்.
3. ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும், அதைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லும்.
4. அந்தச் சொல் தவறென்று தெரியாமலே அவர் இறந்துபோனார் என்பது.

நான்காவதை எழுதலாமா என்று சில நாட்கள் யோசித்தேன். அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் எழுதினால் அது அஞ்சலியாக இருக்காது என்று பட்டது.

கல்மண்டபம் மார்க்கெட்டில் நின்றிருந்தேன். நான் வழக்கமாக மீன் வாங்கும் செல்வி, தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மகள் விம்கோ நகரில் லூர்துசாமியின் தெருவில் குடியிருக்கிறாள்.

"இன்னா சார், நீ இங்க வவ்வாலு மீனு வெல கேட்டுகினு நிக்கிற? உன் தோஸ்து காலைல பூட்டாருய்யா. எம் பொண்ணு இப்பதான் போன் பண்ணிச்சு."

"எந்த தோஸ்து?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"உனக்கு எத்தினி பேரு கீறாங்கோ? பாட்டில் நைனாதான்."

பாட்டில் நைனா என்றால் திருவொற்றியூரில் பாதிப் பேருக்குத் தெரியும். நாங்கள் இருவரும் வேலை பார்த்தது, சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் தண்ணீரையும் கழிவுநீரையும் சோதித்துச் சொல்லும் ஒரு சிறிய தனியார் ஆய்வகத்தில். நான் உள்ளே உட்கார்ந்து சோதிப்பவன். அவர் வெளியே போய் மாதிரி எடுத்து வருபவர். கால்வாய், கழிமுகம், தொழிற்சாலைக் குழாய் வாய் என்று எல்லா இடத்திலும் இறங்குவார். சைக்கிளின் இருபுறமும் பாட்டில்கள் தொங்க அவர் வருவதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். அவர் சாராயத்தைத் தொட்டதில்லை.

மீன் வாங்காமல் மெட்ரோ ஏறி விம்கோ நகர் போனேன். அவர் வீட்டு ஜன்னல்களில் சாக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் அவை காய்ந்து கிடந்ததை நான் முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

சாக்கின் கதையைச் சொல்ல வேண்டும். லூர்துசாமி பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா அங்கே மில்லில் வேலை பார்த்தவர். பூமிக்கடியிலிருந்து கொண்டுவந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் அதிலிருந்த தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் மாவை ஊருக்குப் பக்கத்திலேயே கொட்டுவார்கள். நூறு வருடத்துக்கு மேல் கொட்டியது மலையாகிவிட்டது. ஊரார் அதற்கு வைத்த பெயர் சயனைடு மேடு. காற்றுக் காலத்தில் மேடு எழுந்து வந்து சோற்றில் உட்காரும் என்பார் அவர். அதனால் வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவார்கள்.

எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து சாம்பல் பறந்து வந்து வீட்டுத் தரையில் படிந்த முதல் வருடமே, விம்கோ நகரிலும் அவர் சாக்கைத் தொங்கவிட்டார். தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"இன்னா நைனா, வூட்டுக்குக் கோமணம் கட்டி வுட்டுக்கீற?"

"சிரி மாமு, சிரி. வாயத் தொறந்து நல்லா சிரி. அப்பால துப்பிப் பாரு, இன்னா கலர்ல வருதுன்னு."

அடுத்த வருடம் ஆட்டோக்காரர் வீட்டிலும் சாக்கு தொங்கியது.

இன்னொரு பழக்கம் பென்சில் கோடு. தங்கவயல் மில்லில் தொட்டிகளின் மட்டத்தை ஒவ்வொரு ஷிப்டும் கோடு போட்டுத்தான் ஒப்படைப்பார்களாம். அதை அவர் எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். சோதனை முடிந்து மீந்த தண்ணீரை அலமாரியில் வைக்கும் முன், பாட்டிலில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கண்ணாடியில் எழுதும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதுவார். ஒருமுறை ஒரு தொழிற்சாலை அதிகாரி வந்து, நாங்கள் அவருடைய மாதிரியில் எதையோ ஊற்றிவிட்டோம் என்று கத்தினார். லூர்துசாமி பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "கோட்டுக்கு மேல கீதா பாருங்க சார். இல்லேல்ல? டீ சாப்ட்டுப் போங்க." அதிகாரி டீ சாப்பிட்டுத்தான் போனார்.

என் மகள் திருமணத்துக்குச் சங்கிலி எடுக்க வண்ணாரப்பேட்டைக்கு அவரையும் அழைத்துப் போயிருந்தேன். கடைக்காரர் தெற்கத்திக்காரர், பொறுமையானவர். சீட்டில் அவர் எழுதியதை லூர்துசாமி எட்டிப் பார்த்தார்.

"சேதாரம்னு போட்டுக்கீறீங்களே, அது இன்னா?"

"நகை செய்யும்போது வீணாப் போறதுல்லா அண்ணாச்சி. அதையும் சேத்துத்தான் போடுவோம்."

"அப்போ எங்க ஊரு மொத்தமும் சேதாரம்தான்" என்றார் லூர்துசாமி. கடைக்காரர் சிரித்தார். லூர்துசாமி சிரிக்கவில்லை. வெளியே வந்தபின் சொன்னார்: "தங்கம் போவ வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு சார். அரைச்ச கல்லு எங்ககிட்டயே கீது." நான் சங்கிலிப் பெட்டியைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். அது ஏன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இனி மூன்றாவது. அவருடைய ஒரே தங்கை பிலோமினா, சுரங்கம் மூடிய பிறகும் கணவரோடு அங்கேயே இருந்தார். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். வீட்டுக்குப் பின்னால் கிணறு உண்டு. ஆனால் மேடு பக்கத்தில் இருப்பதால் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பயந்து, தொலைவிலிருந்த குழாயிலிருந்து குடம் சுமந்து வருவார். ஒரு ஈஸ்டருக்கு ஊர் போன லூர்துசாமி அந்தக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். சயனைடு ஆவியாகிவிடாமலிருக்கக் காரம் போட்டு, முறைப்படி சீட்டு ஒட்டி, என் மேஜைமேல் வைத்தார். சயனைடு மேட்டுத் தண்ணீர். நான் சயனைடைத் தேடினேன். இரண்டு முறை தேடினேன்.

"இருக்குதா சார்?"

"இல்லை லூர்து. துளிகூட இல்லை."

"அப்ப குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

நான் சொன்ன சொல் அதுதான். அவர் அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தார். "ஏ பிலோமி, இனிமே கொடத்தத் தூக்கிக்கினு அவ்ளோ தூரம் போவாத. சார் பாத்துட்டாரு. நம்ப கெணறே போதும்." போனை வைத்துவிட்டு மீந்த ஒரு பாட்டில் தண்ணீருக்குக் கோடு போட்டு அலமாரியில் வைத்தார்.

அந்த ஆண்டு மழை தொடங்கிய சமயம், வேறொரு வேலைக்காகப் பழைய பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தங்கம் இருக்கும் பாறையில் அதோடு கூடவே ஆர்சனிக்கும் இருப்பதுண்டு என்று ஒரு வரி. நம் பழைய சொல்லில் பாஷாணம். கல்லூரியில் படித்ததுதான், மறந்திருந்தேன். சயனைடு வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் சிதைந்துபோகும். பாறையிலிருந்து வந்தது எங்கும் போகாது. மேட்டுக்கு ஊரார் வைத்த பெயரை நம்பி, அந்தப் பெயரில் இருந்ததை மட்டும் நான் தேடியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஆய்வகம் போய், அலமாரியிலிருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தேன். இருந்தது. குடிக்கக்கூடிய அளவுக்கு மேலேயே இருந்தது.

மறுநாள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு நான் கண்டுபிடித்த காரணம் முறைப்படி சரியானது: அந்த மாதிரியில் காரம் போடப்பட்டிருந்தது. ஆர்சனிக் சோதனைக்கு அமிலம் போட்டு எடுத்திருக்க வேண்டும். ஆகவே என் அளவு செல்லாது. புதிய மாதிரி வேண்டும். புதிய மாதிரி கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். சொன்னால், முன்பு சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்த வளையத்தை ஒருமுறை சுற்றி வந்து நின்றுவிடுவேன்.

கிறிஸ்துமசுக்கு முன் லூர்துசாமி தங்கையை விம்கோ நகருக்கே அழைத்துவந்துவிட்டார். "தனியா கீது சார், இட்டாந்துட்டேன்" என்றார். என் மனத்திலிருந்து ஒரு பாரம் தானாக இறங்கிவிட்டதாக நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய்வந்தேன். பிலோமினா டீ கொண்டுவந்து கொடுப்பார். அவர் உள்ளங்கையில் கடுகு கடுகாகத் தோல் தடித்திருக்கும். மருத்துவர் தண்ணீரால் இருக்கலாம் என்றார், வேறு காரணமும் இருக்கலாம் என்றார். நான் டம்ளரை மட்டும் பார்த்து வாங்கிக்கொள்வேன்.

லூர்துசாமி அடிக்கடி ஒன்று சொல்வார். ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களிடம் சொன்னார். பிற்காலத்தில் டீ குடிக்கும்போது என்னிடமும் சொன்னார். "இல்லன்னு எழுதறதுக்கு மின்னாடி, இன்னாத்த தேடினேன்னு எழுதணும் சார்." அனுபவசாலியின் பேச்சு என்று நான் தலையாட்டினேன்.

இதுவரை எழுதிய பின், அச்சுக்குக் கொடுக்கும் முன் பிலோமினாவிடம் படித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவரைப் பற்றியது, அவர் அனுமதி வேண்டும். அதைவிட, அண்ணனிடம் சொல்லாததைத் தங்கையிடமாவது சொல்லிவிட வேண்டும். போன சனிக்கிழமை போனேன். சாக்குகள் மறுபடி ஈரமாக இருந்தன. தாளை விரித்து எண்ணிட்ட வரிசையைப் படிக்கத் தொடங்கினேன். நான்காவது வந்ததும் அவர் கையைக் காட்டினார்.

"நிறுத்துங்க சார். தெரியாம செத்தாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். ஆய்வக அலமாரியில் இருந்த அதே பாட்டில், லூர்துசாமி எப்போதோ வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறார். தண்ணீர் இல்லை, அடியில் வெள்ளையாக ஒரு படிவு மட்டும். பக்கத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள். மேல்கோட்டுக்கு எதிரே தேதியும் 'சார் பார்த்தது' என்றும் இருந்தது. மூன்று விரல் கீழே இன்னொரு கோடு. எதிரே, 'சார் மறுபடி பார்த்தது'.

கோடு போடும் அவர் பழக்கத்தை மேலே அவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டிலை எடுத்தபோது மேல்கோட்டை நான் பார்க்கவில்லை.

"கல்லறைத் திருநாளுக்கு வந்தப்ப சொன்னாரு சார். பாட்டில்ல தண்ணி எறங்கியிருக்குது பிலோமி, சார் மறுபடி பாத்திருக்காரு, ஒண்ணும் இல்லாட்டி சிரிச்சிக்கினே வந்து சொல்லியிருப்பாரு, சொல்லல, அப்ப என்னமோ இருக்குதுன்னு. அன்னிக்கே கெணத்துல இருந்து எடுக்கறத நிறுத்திட்டோம். வேற பாட்டில்ல புடிச்சுட்டுப் போயி கிண்டிப் பக்கம் வேற ஏதோ லேப்புல குடுத்துப் பாத்தாரு. காயிதம் வந்ததும் என்னக் கூட்டிட்டு வந்துட்டாரு."

"எவ்வளவு நாள் குடித்தீர்கள்?" என்று கேட்டேன். அத்தனை வருடம் கேட்காத கேள்வி.

"மாம்பழம் வர்ற காலத்துல ஆரம்பிச்சது. நவம்பர் வரைக்கும். ஆறு மாசம் இருக்கும்." உள்ளங்கையை ஒருமுறை தானே பார்த்துக்கொண்டார். "இது அதனாலதானான்னு யாருக்குத் தெரியும். சின்ன வயசுல அந்த மேட்டுலதான சறுக்கி வெளையாடினோம்."

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"நானும் கேட்டேன் அண்ணன. சார் பயந்த மனுசன், அவரா வந்து சொல்லுவாரு, நாம கேட்டா ஒடஞ்சிடுவாருன்னாரு. ஒவ்வொரு சனிக்கெழமையும் நீங்க போனப்புறம் டம்ளர எடுத்துக் குடுப்பாரு. இன்னிக்கும் சொல்லலன்னுவாரு. கோவமா இல்ல சார். மழ வரலன்னு சொல்ற மாதிரி."

தாளை மடித்தேன். பாட்டிலைத் தர முடியுமா என்று கேட்டேன். "இது எங்க வீட்டுத் தண்ணி சார், இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு மனம் மாறியவர்போல அலமாரியிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் நீளம்தான் மிச்சம். லூர்துசாமியிடமிருந்து என்னிடம் இருப்பவை இந்தப் பென்சிலும், எதைத் தேடினேன் என்பதை முதலில் எழுத வேண்டும் என்ற அந்த வாக்கியமும்தான். நான் தேடியது என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியை. தண்ணீரை அவர் பார்த்துக்கொண்டார்.

மலர் தயாரிப்பவர்கள், நான்காவது வரியை எடுத்துவிட்டு வரிசையைத் திருத்தித் தரலாமே என்றார்கள். வேண்டாம் என்றேன். ஆய்வுக் குறிப்பேட்டில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. கீழே இருப்பதைப் படிக்க முடிகிறபடி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். உங்கள் கையிலிருக்கும் பிரதியிலும் அப்படி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான்காவது தவறு. லூர்துசாமிக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும், நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.