அண்ணன் ஒரு வருடத்தில் பறந்த ஐந்தே முக்கால் மணி நேரம்

ஆடலூரில் எங்கள் வீட்டு வாசல் பந்தலில் உட்கார்ந்து இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி மதினி கேட்டதும் தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. அண்ணனைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதியாக வேண்டும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடமும் சொன்னதில்லை.

அண்ணன் பிறந்தது இதே வீட்டில்தான். எனக்கு ஆறு வயது மூத்தவர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று காலமானார். அண்ணன் படிப்பை அப்படியே விட்டுவிட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வந்தார். அந்த வயதில் தோட்டம், கடன், கல்யாணமாகாத தங்கை என்று எல்லாம் ஒன்றாகத் தலையில் விழுந்தன. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என்னை ஆசிரியப் பயிற்சி படிக்க வைத்ததும், பாச்சலூரில் நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

அண்ணனுக்கு மலைப்பாதை ஆகாது என்பது ஊருக்கே தெரியும். பேருந்து மூன்றாவது வளைவைத் தாண்டுவதற்குள் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். மலையிலேயே பிறந்து மலைப்பாதை ஆகாத மனிதரை நாங்கள் செய்யாத கேலி இல்லை. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு ஒன்றும் செய்யாது. அதனாலேயே மிளகு மூட்டைகளையும் சௌசௌ மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மண்டிக்கு வண்டியைத் தாமே ஓட்டிப் போவார்.

"ஓட்டுறவனுக்குக் கொமட்டாது பாப்பா. பக்கத்துல உக்காந்துருக்கவனுக்குத்தான் கொமட்டும்" என்பார்.

நாற்பது வயதில் ஒரு கல்யாணத்துக்காக முதன்முதலாக விமானத்தில் வடக்கே போனார். போகவும் வரவும் வாந்தி. திரும்பி வந்தவர், "அதையும் ஓட்டிப் பாத்துட்டாச் சரியாயிரும்" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த மாதமே சமவெளியில் இருந்த ஒரு பறக்கும் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். தோட்ட வேலைக்கு நடுவே இரண்டு வருடம் போய்வந்து, தனிநபர் விமானி உரிமம் வாங்கிவிட்டார். சொந்தக்காரர்களில் பலர் அவர் ஏதோ பெரிய விமானம் ஓட்டிச் சம்பாதிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. மையத்தின் சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்துத் தம் ஆசைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்குவார். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் பறந்தார் என்பதை ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். உரிமம் வாங்கிய முதல் வருடம் முப்பத்தொரு மணி நேரம்.

அந்த முப்பத்தொரு மணி நேரமும் நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன் எனக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். இறங்கியதும், "எறங்கிட்டேன் பாப்பா" என்று போன் வரும். அந்த இரண்டு வார்த்தை காதில் விழும் வரை எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அந்த அழைப்பு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. போனில் சார்ஜ் இல்லையாம். அதற்குள் நான் வகுப்பில் ஒரே கணக்கை மூன்று முறை கரும்பலகையில் எழுதி அழித்திருந்தேன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த நாள் கண்முன் வந்து நின்றது. இன்னொருவரை அப்படிப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது.

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பெரிய காரியம் எதையும் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக மலைவாழை இலைத் துண்டில் மடித்துக் கட்டி அம்மன் முன்னால் போட வேண்டும். காரியத்துக்குப் போகிறவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயில் வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது வீட்டில் பிறந்த பெண்ணின் வேலை. அதாவது என் வேலை. ஒவ்வொரு முறை பறக்கப் போகும் முன்பும் பூக் கேட்க வேண்டும் என்று அண்ணனைப் பிடித்த பிடியில் சம்மதிக்க வைத்தேன். பிறகு இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன்.

எப்போதும் அல்ல. சந்தேகம் வரக்கூடாது என்று இடையிடையே ஒழுங்காகவும் கட்டினேன். சிவப்பு வந்தால் அண்ணன் ஒரு நிமிடம் பூவைப் பார்ப்பார். "சரி, ஆத்தா வேணாங்குது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார். முப்பத்தொன்று பத்தொன்பது ஆனது. பத்தொன்பது பதினொன்று ஆனது. அதற்கடுத்த வருடம் ஐந்தே முக்கால். அண்ணனுக்கு ஆசை தீர்ந்துவிட்டது என்று மதினி நிம்மதிப்பட்டார். நான் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். தீட்டு. பதினாறு நாள் கோயில் பக்கம் போக முடியாது. அந்த நாட்களுக்குள் அண்ணன் ஒருநாள், "லைசென்சு விஷயமா ஓட்டியே ஆகணும் பாப்பா. பூக் கேக்க வழியில்ல, கேக்காமலே போறேன். நீயும் வா, ஒரு தடவையாவது பாரு" என்றார். வேண்டாம் என்று சொல்லக் கையில் பொட்டலம் இல்லை. வெள்ளனே கிளம்பிப் போனோம்.

ஆனி மாதம். அண்ணன் கடைசியாகப் பறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதலில் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று சுற்று போய்வந்தார். பிறகு அண்ணன் தனியாக ஏறினார். அரை மணி நேரத்துக்குள் காற்று எழும்பிவிட்டது. ஓடுபாதை ஓரத்துக் கொடித்துணி விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றது. நான் பயிற்றுநர் அருகில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கையில் ரேடியோ இருந்தது.

விமானம் இறங்கி வந்தது. தரைக்குக் கிட்டே வந்ததும் ஒரு இறக்கை சரிந்தது. சக்கரம் தரையில் மோதி, விமானம் எம்பி, மறுபடி மோதியது. இன்ஜின் அலறியது. அண்ணன் இறங்காமல் மேலே போய்விட்டார். நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. இந்த முறை விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்வெளிப் பக்கம் போய், கடைசி நேரத்தில் எழும்பியது.

பயிற்றுநர் ரேடியோவில் அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், தமிழுக்கு மாறினார். "அவசரமே இல்லங்க. பெட்ரோல் நெறையக் கெடக்கு. நிதானமா இன்னொரு சுத்து வாங்க."

"சரிங்க சார்" என்றது அண்ணனின் குரல். அப்பாவின் காரியத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன அதே "சரிங்க". உள்ளே நடுங்கும்போதுதான் அண்ணனுக்கு அந்தக் குரல் வரும்.

"சார், எங்க அண்ணனுக்கு ஓட்டத் தெரியாதா?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

அவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லா ஓட்டுவாரும்மா. மாசம் ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டிட்டு இருந்தப்ப இந்தக் காத்தெல்லாம் அவருக்கு ஒண்ணுமே இல்ல. வருசத்துக்கே அஞ்சு மணி நேரம்னா கைக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? எனக்குப் புதுசா வர்ற பசங்களப் பாத்துப் பயமில்ல. எப்பவாச்சும் வந்து ஓட்டுறவங்களப் பாத்தாத்தான் பயம். பாதிப் பேரு இப்படித்தான் ஆயிருறாங்க. தோட்டம், தொறவு, வீட்டுல இருக்கவங்க பயம்."

வீட்டிலிருப்பவர்கள் பயம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலே இருக்கும் அண்ணனை நான்தான் அந்தக் காற்றில் கையைக் கட்டி ஏற்றிவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. எந்தச் சாவுக்குப் பயந்தேனோ அதற்கு நானே வழி வெட்டி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது முறை அண்ணன் இறங்கினார். வெளியே வந்தவரின் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"பயந்துட்டியா பாப்பா?"

"இல்லண்ணே."

"நான் பயந்துட்டேன்" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து நான் மாறினேன். மாதம் பிறந்தால் நானே போன் போடுவேன். "அண்ணே, இந்த மாசம் ஓட்டப் போகலையா? மாசாமாசம் பூக் கேட்டு ஆத்தாளத் தொந்தரவு பண்ண வேணாம், வெரசாப் போயிட்டு வாங்க" என்பேன். அண்ணன் சிரிப்பார். ஐந்தே முக்கால் இருபத்திரண்டு ஆனது, பிறகு இருபத்தாறு. என் பயம் மட்டும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அவர் பறக்கும் நாளில் எனக்குச் சோறு இறங்காததும் மாறவில்லை. ஆனாலும் அனுப்பினேன்.

பிறகு, உரிமத்துக்காகச் செய்யும் உடல் பரிசோதனையில் அண்ணனின் இதயத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. இனி பறக்கக் கூடாது என்றார்கள். கடைசி இரண்டு வருடம் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. சென்ற ஆண்டு மிளகு பறிக்கும் நேரத்தில் மூச்சுத் திணறல் வந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். ஒன்பது நாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருப்பவர் எனக்குப் போன் செய்ய முடியாது என்று தெரியும். பழக்கம் விடவில்லை. இந்த முறை அழைப்பு வரவில்லை.

பனிமூட்டத்தில் வளைவு வளைவாக அண்ணனை அலுங்காமல் இறக்கிக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு நன்றி. ஒன்பது நாளும் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய ஒட்டன்சத்திரம் மண்டி பாய் குடும்பத்துக்கு நன்றி. நாங்கள் மருத்துவமனையில் கிடந்தபோது எங்கள் தோட்டத்து மிளகைப் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டிவைத்த பக்கத்துத் தோட்டத்தாருக்கு நன்றி. தள்ளாத வயதில் மலையேறி வந்து அண்ணனின் கால்மாட்டில் நின்ற பயிற்றுநருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இதுவரை எழுதி முடித்து அச்சகத்துக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சேர்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை.

அண்ணனின் மகளும் விமானம் ஓட்டப் படித்து இந்த மாதம்தான் உரிமம் வாங்கினாள். மறுநாள் தனியாகப் பறக்க வேண்டும் என்று ஆடலூருக்கு வந்தவள், "அத்தை, பூக் கேக்கலாம், கட்டுங்க" என்றாள். கட்டினேன். அவள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கவில்லை.

"அந்த இன்னொண்ணையும் பிரிக்கணும் அத்தை."

"அதப் பிரிக்கக் கூடாதும்மா."

"அப்பா சொல்லிருக்காரு. அத்தை பொட்டலம் கட்டுனா ரெண்டையும் பிரிச்சுப் பாருன்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்பச் சொன்னாரு?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி. ஒருநா வேப்பமரத்தடியில கெடந்ததப் பிரிச்சுப் பாத்தாராம். அதுக்கப்பறமும் ரொம்ப நாளு தெரியாத மாதிரியே பூ எடுத்தாராம்."

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நானும் கேட்டேன். 'அவ பயம் எனக்குத் தெரியாதா'ன்னாரு."

நான் கோயில் வாசலில் நின்று அழுதேன். அவள் காத்திருந்துவிட்டு இரண்டு பொட்டலத்தையும் பிரித்தாள். இரண்டிலும் வெள்ளை அரளிதான் இருந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை சாப்பிடாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு வந்தது.

"எறங்கிட்டேன் அத்தை."

"எவ்வளவு நேரம் ஓட்டுன?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

"அது பத்தாதும்மா" என்றேன். "அடுத்த வாரமும் போ."