கொசு உபன்யாசம்

நான் பி.ஏ. முதல் வருஷம் படித்தபோது ஒரே ஒரு சொல்லால் என் கல்யாணம் தள்ளிப்போனது. சில மாதங்களில் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பியும் வந்தது. எழுபதுகளின் பிற்பாதி அது. மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நாங்கள் வீட்டில் பேசுவதை மதுரைக்காரர் கேட்டால் மலையாளம் என்பார், மலையாளி கேட்டால் தமிழ் என்பார். எனக்கு அப்போது தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் தெரியாது. இதை எழுதும் தமிழ் பிற்பாடு கற்றுக்கொண்டது. அப்பா கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தார். அவர் நேர்மாறு: தமிழ்ப் பத்திரிகை மட்டும்தான் வாசிப்பார். மலையாளம் அவருக்குப் பேச வரும், வாசிக்க வராது என்று நாங்களாக முடிவு செய்து வைத்திருந்தோம்.

கல்லூரியில் எனக்கு இரண்டாம் மொழி மலையாளம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உபன்யாசம் எழுதும் வகுப்பு. மலையாளத்தில் உபன்யாசம் என்றால் ஒன்றும் பெரிதில்லை. ஒரு தலைப்பைக் கொடுத்து மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவா என்பார்களே, அதுதான். தமிழில் உபன்யாசம் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். மேடை, மைக், புராணக் கதை, நடுவில் ஒரு பாட்டு, கடைசியில் சுண்டல்.

முதல் மாதமே பாலக்காட்டிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினார், கையில் ஒரு ஜாதகத்தோடு. பையனுக்கு பாங்கில் வேலை, ஒரே பிள்ளை, அம்மா மகா பக்தை, எந்தக் கோயிலில் உபன்யாசம் நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பவள்.

“பொண்கொழந்தைக்கு பி.ஏ. என்னத்துக்கு? அடுப்பு ஊத பாஸ் மார்க் வேணுமா?” என்று சாப்பிட உட்கார்ந்தபடியே கேட்டார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “அப்படிச் சொல்லாதீங்கோ. காலேஜ்ல அவளுக்கு உபன்யாசம் எழுதப் படிப்பிக்கறா.”

பெரியப்பாவின் கவளம் பாதி வழியில் நின்றது. “உபன்யாசமா? காலேஜ்லயா?”

“பின்னே? முதல் பாடமே சமயநிஷ்டையாக்கும்.”

சமயநிஷ்ட என்றால் மலையாளத்தில் நேரம் தவறாமை. எர்ணாகுளம் போகும் போட் தினமும் தாமதமாக வருவதைப் பற்றி நான் மூன்று பக்கம் புலம்பியிருந்தேன். பெரியப்பாவோ கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிஷ்டையிலேயே ஆழ்ந்துவிட்டார். “கலிகாலத்துலயும் இப்படி ஒரு காலேஜா! அப்போ சரி, கொழந்தை படிக்கட்டும்” என்று ஜாதகத்தைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த மோர்ப் பாத்திரத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் ஜாதகம் பையிலிருந்து வெளியே வரும், வரும் தையில் என் படிப்பு முடியும். எனக்குப் படிக்க வேண்டும். அந்த வயதில் வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் மோர் விட்டேன்.

உபன்யாச வகுப்பு எடுத்தவர் சுள்ளிக்கல்லிலிருந்து வரும் ஒல்லியான விரிவுரையாளர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. நான் எதை எழுதிக் கொடுத்தாலும் நோட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறுவார், ஏதோ விழ வேண்டியது விழவில்லை என்பதுபோல. “எடோ, இதினு தலயுண்டு, உடலுண்டு. வாலெவிடே?” என்பார், தலையும் உடலும் இருக்கின்றன, வால் எங்கே என்று. பிறகு அடியில் சிவப்பில் எழுதுவார்: உபசம்ஹாரம் இல்லை. முடிவுரை இல்லை என்று அர்த்தம்.

இதை நான் வீட்டில் முணுமுணுத்தது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

“சம்ஹாரம் இல்லையா? அது எப்படிடீ? கடைசியில அசுரன் சாகாட்டா எதுக்காக்கும் ஜனங்கள் உட்கார்ந்து கேக்கறா?”

“அம்மா, இதுல அசுரனே இல்லை.”

“இல்லேன்னா ஒருத்தனைக் கொண்டுவா. மார்க் வேணுமா வேண்டாமா?”

நவராத்திரிக்கு எங்கள் சமூக மடத்தில் வழக்கமாக உபன்யாசம் செய்யும் பாகவதர் அந்த வருஷம் தொண்டை கட்டிப் பாலக்காட்டிலேயே படுத்துவிட்டார். மடத்துக் காரியதரிசி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். உபன்யாசம் படிக்கும் பெண் சமூகத்திலேயே இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்பது அவர் கட்சி. அம்மா அவருக்கு இரண்டாவது தடவை காபி கொடுத்தாள். அப்பா என்னைப் பார்த்து, “என்ன, பண்ணறயா? இல்லை ஏதாவது சொல்லணுமா?” என்றார். நான் பண்ணுகிறேன் என்றேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்ற நாலு மாதம் பாடுபட்டவளுக்கு அதை விட மனசு வராது.

காரியதரிசி அதோடு நிற்கவில்லை. போட் ஜெட்டியில் என் விரிவுரையாளரைப் பிடித்து, சிஷ்யையின் உபன்யாசத்துக்குக் குருவும் வர வேண்டும் என்று அழைத்துவிட்டார். மாணவி தன் உபன்யாசத்தைச் சபையில் வாசிக்கிறாள், இந்தத் தமிழர்களுக்குத்தான் எழுத்தின் மேல் என்ன மரியாதை என்று அவரும் நெகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டார்.

என்னிடம் இருந்த ஒரே முழு உபன்யாசம் “பரிசர சுசித்வம்”. சுற்றுப்புறத் தூய்மை. மடத்துக் கரும்பலகையில் “சுசித்வம்” என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மடி ஆசாரத்தைப் பற்றி என்று நினைத்து எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் ஈரம் காயாத புடவையிலும் வேட்டியிலும் வந்திருந்தார்கள். முதல் வரிசையில், செய்தி கேட்டுப் பாலக்காட்டிலிருந்து வந்த பெரியப்பா, அவர் பக்கத்தில் அவர் கூட்டிவந்த பையனின் அம்மா, சற்றுத் தள்ளி சிவப்புப் பேனாவோடு விரிவுரையாளர். மேடையில் எனக்குத் துணையாக ஒரு ஹார்மோனியக்காரர் வேறு.

“சுசித்வம் இரண்டு வகை. அகம், புறம்” என்று ஆரம்பித்தேன். எல்லாத் தலைகளும் ஆடின. மனதுக்குள் மலையாளத்தை வாசித்து வாயால் தமிழாக்கிக்கொண்டே போனேன். இரண்டாவது பத்தியில் மட்டாஞ்சேரி ஓடைகள் வந்தன. மூன்றாவதில் தேங்கிய தண்ணீர். நான்காவதில் கொசு. அப்போது மடத்தில் நிஜக் கொசுவும் வந்துவிட்டது. நான் “கொசு” என்னும்போதெல்லாம் சபையில் பட் பட்டென்று அறை விழுந்தது. ஹார்மோனியக்காரர் பாட்டு இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்து, பொறுமையிழந்து, கொசு முட்டையிடும் இடத்தில் ஒரு ராகத்தை இழுத்துவிட்டார்.

முடிக்கும் இடம் வந்தது. வழக்கம்போல என் நோட்டில் முடிவு இல்லை. முதல் வரிசையில் சிவப்புப் பேனா மூடி திறந்து தயாராக இருந்தது. பயத்தில் எனக்கு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ஓடையின் இருட்டில் வளர்ந்து, வீடு வீடாகப் புகுந்து, குழந்தைகளின் ரத்தம் குடித்த அந்தக் கொசுவை, மண்ணெண்ணெய் என்னும் அஸ்திரத்தை ஓடையில் ஊற்றி, குலத்தோடு நான் சம்ஹாரம் செய்தேன். யாரோ மணியடித்தார்கள். ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விரிவுரையாளர் எழுந்து நின்று, “உபசம்ஹாரம் அஸ்ஸலாயி!” என்று கூவினார். சம்ஹாரம் பிரமாதம் என்கிறார் குரு என்று காரியதரிசி பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். நாலு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு முழு மார்க் கிடைக்கும்போலிருந்தது. நானும் கொஞ்சம் மிதந்தேன்.

பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் தரைக்கு வந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

“கொசுன்னா வெறும் கொசுவா? ஆசையாக்கும் அது! எவ்வளவு அடிச்சாலும் திரும்பத் திரும்ப வரது பாருங்கோ” என்றாள் பெரியப்பாவிடம். “இதுக்குமேல இவ என்ன படிக்கணும்? காலேஜ் மதி, போதும். தையிலயே கல்யாணத்தை முடிச்சுடலாம்.”

பெரியப்பாவின் கை பைக்குள் போனது. ஜாதகம் வெளியே வந்தது. காலேஜைக் காப்பாற்றிய உபன்யாசமே அதற்குக் கொள்ளி வைத்துவிட்டது. உபன்யாசம் நன்றாக இருந்ததுதான் குற்றம். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாதான் முன்னால் வந்தார். “மாமி, க்ஷமிக்கணும். அது வெறும் கொசுதான். என் பொண்ணு பண்ணினது உபன்யாசமே இல்லை. காலேஜ்ல எழுதின கட்டுரை.”

சமூகத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். கட்டுரை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “மூணு வருஷப் படிப்பு. முடிக்கட்டும். அதுக்கப்பறம் அவளுக்கு இஷ்டம்னா பேசலாம்” என்றார். பெரியப்பா சுண்டலுக்குக்கூட நிற்காமல் பஸ் பிடிக்கப் போனார். அந்த வருஷம் முழுவதும் காரியதரிசி அப்பாவோடு பேசவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். “எப்போ தெரிஞ்சுது அப்பா?”

“அண்ணா வந்தானே, அதுக்கு முன்னாலயே. உன் நோட்டை எடுத்து வாசிச்சேன்.”

“மலையாளம் வாசிப்பேளா?”

“கிடங்குல சாக்குமேல எழுதியிருக்கறதை முப்பது வருஷமா பின்னே யாரு வாசிக்கறா?”

“அப்போ ஏன் சும்மா இருந்தேள்?”

அப்பா “நீ சொல்லுவாய்னு இருந்தேன். படிக்கணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை. மேடையில ஏத்தினா அப்பவாவது பயந்து சொல்லுவாய்னு பார்த்தேன். நீ என்னடான்னா கொசுவைக் கொன்னுண்டிருக்கே” என்றார்.

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது. அப்பா வேண்டாம் என்பார் என்று நானாகவே முடிவுகட்டி, அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்காமல், ஊரையே ஏமாற்றி வைத்திருந்தேன். தெருவிலேயே நின்றேன்.

“அப்பா, நேக்குப் படிக்கணும்.”

“சரி, படி” என்றார் அப்பா.