வயிற்றுக்குள் போன டச்சுக்காரன் துட்டு

செம்பு உள்ளே போனால் களிம்பேறி, பொழுது சாய்வதற்குள் ஆள் நீலமாகிவிடுவான் என்று நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில்.

காசிமேட்டு மீன் ஏலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். இரண்டு கையாலும் கூடையைத் தூக்க வேண்டியிருந்தால், கையிலிருக்கும் சில்லறையைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அன்று காலை என் தோஸ்து, படகு மெக்கானிக், ஒரு பழங்காசைக் கையில் கொடுத்தான். பழவேற்காட்டு ஏரியில் அவன் மச்சான் வலையில் வந்ததாம். தேய்ந்த செம்பு, மேலே ஒன்றோடொன்று பின்னிய மூன்று இங்கிலீஷ் எழுத்து. அதற்குள் கூடை வந்துவிட்டது. கை தானாகக் காசை வாய்க்குக் கொண்டுபோனது. கூடை தலைக்கு ஏறியதும், ஒரு ஜோக் அடிக்க வாயைத் திறந்தேன்.

காசு போய்விட்டது.

"முழுங்கிட்டியா? டேய், அது என் மச்சான் காசுடா!"

பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே வரிசையில் நகத்தை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீலம் தெரிகிறதா என்று. என்னைத் தேற்ற அவன் செல்போனைப் பார்த்துப் படித்தான்.

"டச்சுக்காரன் பழவேற்காட்டுல கோட்டை கட்டிகினு இருந்தான்ல, அப்போ உள்ள காசு மாமு. பேரு டொய்ட்டாம். அவன் காசுலயே சின்னது. நம்மாளுங்க அத்தத்தான் துட்டுன்னு ஆக்கிட்டாங்களாம்."

"அப்ப துட்டு நம்ம ஏரியா வார்த்த இல்லியா?"

சாகப்போகும் நேரத்தில் அதுவும் பறிபோயிற்று.

"அர்த்தம் இன்னா தெரியுமா? ஆதியில, வெட்டியெடுத்த துண்டாம்."

வெட்டி என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

படத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. "எத்தனை ரூபா காசு?" என்றார்.

"டச்சுக்காரன் துட்டும்மா. வெட்டித்தான் எடுக்கணுமா?"

"ஒண்ணும் வேணாம். எப்பவும்போல சாப்பிடுங்க. காலைல வெளிக்குப் போறப்போ பாருங்க, வந்திருக்கான்னு. வயிறு வலிச்சா உடனே வாங்க."

பார்ப்பதைத் தவிர நான் செய்ய ஒன்றுமே இல்லை. என் வயிறு, என் பேச்சைக் கேட்காது. கக்கூஸ் கதவுக்கு வெளியே தோஸ்து நின்றுகொண்டு, "வந்துச்சா மாமு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான். இரண்டாம் நாள் மனைவியிடம் இருபத்தைந்து வருஷத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். "மூடிகினு துன்னு" என்று அவள் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை காசு வந்தது. சோப்புப் போட்டுக் கழுவி தோஸ்திடம் கொடுத்தேன்.